ஏழு பங்குக்குள் நடந்த சிக்கனம்: ஒரு வீட்டு வரவு செலவின் ஆய்வு

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார் என்று ஐந்து பேர் கொண்ட வாடகை வீடு இது. கணவனுக்கு முழு நேர வேலை, மனைவிக்குப் பகுதி நேர வேலை. உறவினர் நடுவில் இவர்களுக்குச் சிக்கனக்காரர்கள் என்று பெயர். சிலர் அதைப் பாராட்டாகவும் சிலர் வேறு விதமாகவும் சொல்வார்கள். இருந்தும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. கடன் அட்டைப் பாக்கி நான்கு ஆண்டுகளாகத் தீராமல் தொடர்கிறது. "வீண்செலவு என்று ஒன்றைக் காட்டுங்கள் அண்ணா, உடனே நிறுத்திவிடுகிறோம்" என்றார் மனைவி. அந்தப் பேச்சில் கொஞ்சம் கோபமும் இருந்தது; நியாயமான கோபம்தான்.

தெரிந்த குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருவது எனக்கு நெடுநாள் வழக்கம். இந்த வீட்டைப் பற்றி அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். தொகைகளைச் சொல்லாமல், இருவரின் மாத வருமானத்தையும் சேர்த்து 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நாட்டு நாணயத்திலும் வாசகர் தம் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வசதி.

வீட்டுச் சட்டங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். அறையை விட்டு வெளியே வருபவர் விளக்கை அணைக்க வேண்டும். கைப்பேசி சார்ஜரைச் சுவரில் செருகியபடி விடக் கூடாது. தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைப்பது போதாது, சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டும். தேய்ந்த சோப்புத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி ஒரு கட்டியாக்குவார்கள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுப்பார்கள். சொட்டும் சமையலறைக் குழாயின் கீழே எந்நேரமும் ஒரு பாத்திரம் இருக்கும்; நிறைந்ததும் அது செடிகளுக்குப் போகும். இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு தாயாருடையது. அவர் அதைச் சிரத்தையோடு செய்கிறார். மாலை ஆறு மணியிலிருந்து படுக்கப் போகும்வரை "யார் விளக்கைப் போட்டுவிட்டு வந்தது?" என்ற கேள்வி வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் அவர் வரும் திசையைப் பார்த்து அறை மாறுவதை நானே பார்த்தேன். அந்தச் சலிப்புக்கும் ஒரு விலை உண்டு. எந்த நோட்டிலும் அது ஏறாது.

இனி நோட்டு. மூன்று மாத வங்கிப் பதிவுகளையும் ரசீதுகளையும் வைத்துப் பிரித்தபோது 100 பங்கு இப்படிப் போயிருந்தது: வாடகை 28, உணவும் மளிகையும் 22, கடன் தவணைகள் 17, பள்ளிச் செலவு 12, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து 7, போக்குவரத்து 6, தொலைபேசியும் இணையமும் மாதச் சந்தாக்களும் 3, மற்றவை 5. கூட்டினால் சரியாக நூறு. சேமிப்பு என்று ஒரு வரியே இல்லை. வங்கியில் ஒரு வைப்புத்தொகை மட்டும் தொடாமல் கிடந்தது. அதைப் பற்றிப் பிறகு.

அந்த வீட்டின் எல்லாச் சட்டங்களும் 7 பங்குக்குள்தான் நடக்கின்றன. சோப்பும் பற்பசையும் 22-இன் ஒரு ஓரத்தைத் தொடுகின்றன. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் பாதியாக வெட்டினாலும் கிடைப்பது மூன்றரைப் பங்கு. கடன் தவணைகளுக்குப் போகும் 17-ஐப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. அது தானாக வங்கியிலிருந்து கழிந்துவிடுகிறது, யார் கண்ணிலும் படுவதில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் ஒரு நிர்வாகக் குழுவைக் கற்பனை செய்து எழுதினார். அணு உலைக்கான பெருந்தொகையை அந்தக் குழு இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கும். கொட்டகை என்றால் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். விளக்கு சுவிட்சும் அப்படித்தான். ஆறு வயதுப் பிள்ளைகூட அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியும்.

மின்சாரம்

ஏழு பங்குக்குள் நடக்கும் சிக்கனமாவது சரியான இடத்தில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சுவரில் செருகி அதன்மேல் கருவியைச் செருகும் சிறிய மின்னளவி ஒன்றை இரவல் கொடுத்தேன். அதற்கும் முன்னால் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி. இரண்டு மினுக்கல்களுக்கு இடையே எத்தனை நொடி என்று எண்ணி, அதை மீட்டரின் எண்ணால் பெருக்கி, அந்தத் தொகையால் 3600-ஐ வகுத்தால் அந்தக் கணத்தில் வீடு இழுக்கும் கிலோவாட் தெரிந்துவிடும்.

இரவு எல்லோரும் படுத்த பின், விளக்கு, விசிறி எல்லாம் அணைத்து, முதன்மை ஃபிரிட்ஜையும் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மீட்டர் 9 நொடிக்கு ஒருமுறை மினுக்கியது. 3200 மீட்டர் அது. கணக்குப்படி 125 வாட். எதுவும் ஓடாத வீட்டில் 125 வாட் எங்கே போகிறது? தேடினோம். பின்கட்டில், உறவினர் வீடு மாறும்போது இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய ஃபிரிட்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில்களும் மீந்துபோன உணவும் அதில் இருந்தன. அது மட்டும் ஏறக்குறைய 100 வாட். செட்டாப் பாக்ஸ் 15, இணைய ரூட்டர் 8, மீதி சில்லறை.

நல்ல நிலையில் உள்ள ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் சிறிது நேரம் ஓடும், பிறகு ஓயும். இது ஓயவே இல்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் இறுகிப் போய் இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடை தெரிய வேண்டும். இங்கே தாள் தானாக விழுந்தது. வெளிக்காற்றின் வெப்பமும் ஈரமும் உள்ளே புகுந்துகொண்டே இருந்தால் கம்ப்ரஸர் எப்படி ஓயும்? நாள் முழுவதும் 100 வாட் என்றால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட்.

இதன் பக்கத்தில் விளக்குச் சட்டத்தை வைத்துப் பார்ப்போம். அந்த வீட்டில் 9 வாட் எல்.இ.டி விளக்குகள் ஆறு. ஆறும் தினமும் ஒரு மணி நேரம் வீணாக எரிவதாக வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 54 வாட் மணி, மாதத்துக்கு 1.6 யூனிட். நூறு வாட் குண்டு பல்புகள் எரிந்த காலத்தில் இந்தச் சட்டத்துக்குப் பொருள் இருந்தது. தாயார் அதைக் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். பல்பு மாறிவிட்டது, சட்டம் மாறவில்லை. சும்மா செருகிக் கிடக்கும் இன்றைய கைப்பேசி சார்ஜர் 0.1 வாட் அளவில்தான் இழுக்கும். ஆண்டு முழுவதும் சுவரிலேயே விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது.

தொலைக்காட்சி விஷயம் இன்னும் வேடிக்கை. காத்திருப்பு நிலையில் அது அரை வாட் எடுக்கும், ஆண்டுக்கு 4.4 யூனிட். அதைச் சுவரில் அணைத்துவிடுகிறார்கள். அதற்குப் படம் அனுப்பும் செட்டாப் பாக்ஸ் வேறொரு செருகியில் 15 வாட்டில் இரவும் பகலும் விழித்திருக்கிறது, ஆண்டுக்கு 131 யூனிட். கருவிகளின் காத்திருப்பு மின்சாரத்தை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. பிறகு பல நாடுகள் அதை விதியாக்கின. தொலைக்காட்சி அப்படித்தான் அடங்கியது. எந்நேரமும் வலையமைப்போடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய பெட்டிகள் அந்த அளவுக்கு அடங்கவில்லை. வீட்டில் தேட வேண்டிய இடம் அதுதான்: தொட்டால் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி எதுவோ அது.

ஆனால் பெரிய மீன் குளியலறையில் இருந்தது. வீட்டில் மின்சாரத்தைத் தின்பவை பெரும்பாலும் சூடாக்குபவையும் குளிரூட்டுபவையும்தான். வெளிச்சம் தருபவையும் சத்தம் போடுபவையும் சிறு தீனிக்காரர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும். இது இயற்கையின் விலை, எந்தக் கருவி வாங்கினாலும் குறையாது. மூத்த பிள்ளை ஷவரில் எட்டு நிமிடம் குளிக்கிறான். பழைய ஷவர் தலை, நிமிடத்துக்கு 12 லிட்டர், ஆக 96 லிட்டர். 20 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 2.2 யூனிட். அதே மின்சாரத்தில் ஒரு 9 வாட் விளக்கு பத்து நாள் இரவும் பகலும் அணையாமல் எரியும். விளக்கை அணைக்காததற்குத் தினமும் திட்டு வாங்கும் பிள்ளை இந்தக் குளியலுக்காக ஒரு முறைகூடத் திட்டு வாங்கியதில்லை. குளியலறைக் கதவு மூடியிருக்கும் அல்லவா!

ஷவர் தலையை நிமிடத்துக்கு 7 லிட்டர் விடும் ஒன்றாக மாற்றினோம். அதே எட்டு நிமிடம், 56 லிட்டர், 1.3 யூனிட். பையனிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தண்ணீர்ச் சூடேற்றியின் வெப்பநிலையை நன்றாகக் குறைத்து வையுங்கள் என்று சொல்வோர் உண்டு. சேமிப்புத் தொட்டி உள்ள கருவியில் நான் அதைச் சொல்வதில்லை. வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அது நுரையீரல் நோயைத் தரக்கூடியது. தேங்கும் நீர் 60 டிகிரியில் இருப்பது நல்லது. முதியவர் இருக்கும் வீட்டில் அந்த மிச்சம் வேண்டாம். குளிப்பதற்குச் சற்று முன்பு போட்டு, கடைசி ஆள் குளித்ததும் அணைப்பதே போதுமான சிக்கனம்.

விசிறிகளைப் பற்றி ஒரு சொல். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. காலி அறையில் அது மோட்டார் சூட்டைத்தான் சேர்க்கிறது. ஆகவே தாயார் விளக்குக்குப் போடும் சத்தத்தை விசிறிக்குப் போட்டால் பயன் எட்டு மடங்கு. பழைய கூரை விசிறி 75 வாட், விளக்கு 9 வாட்.

அடுப்பும் தண்ணீரும்

சமையலறையில் மருமகளுக்கு ஒரு பழக்கம்: பாத்திரம் கொதித்த பிறகும் தீயைக் குறைப்பதில்லை, சீக்கிரம் வேகும் என்பார். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டாது. தீ எவ்வளவு எரிந்தாலும் உள்ளே இருப்பது அதே சூட்டில்தான் வேகும். கூடுதல் தீ முழுவதும் ஆவியாகப் போகிறது. அதுவும் சாதாரண நஷ்டம் அன்று. ஒரு லிட்டர் நீரைப் பூஜ்யத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 419 கிலோஜூல் போதும். அதே லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும், ஐந்து மடங்குக்கும் மேல். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரெல்லாம் எரிவாயுக் கட்டணம்தான். மூடி போடுவதும், கொதித்ததும் தீயை இறக்குவதும் இதனால்தான் வேலை செய்கின்றன. பிரஷர் குக்கர் வேறு வழியில் போகிறது: அழுத்தம் ஏறும்போது கொதிநிலை 120 டிகிரி வரை உயர்கிறது, நேரம் சுருங்குகிறது. அந்த வீட்டில் குக்கர் இருந்தது. அதன் ரப்பர் வளையம் தளர்ந்து ஆவி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. வளையம் மாற்றினார்கள். ஃபிரிட்ஜ் கதவிலும் ரப்பர், குக்கரிலும் ரப்பர். கழிப்பறைத் தொட்டியிலும் ரப்பர்தான் என்று பிறகு தெரிந்தது.

சொட்டும் குழாயைக் கணக்கிட்டேன். நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 4.3 லிட்டர். அதைப் பாத்திரத்தில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதால் வீணும் இல்லை. அதே நேரத்தில் கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டியில் சிறிது உணவுச் சாயத்தைக் கலந்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். கீழே கிண்ணத்தில் சாயம் தெரிந்தால் அடி ரப்பர் போய்விட்டது. இங்கே தெரிந்தது. இத்தகைய ஒழுக்கில் நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர்கூடப் போகக்கூடும். சத்தம் போடும் சொட்டுக்குப் பாத்திரம் வைத்தார்கள், சத்தம் போடாத ஒழுக்குக்கு மாதாமாதம் பணம் கட்டினார்கள்.

உணவு

22 பங்கில் மிச்சம் பிடிக்க அவர்கள் வைத்திருந்த உத்தி மொத்தமாக வாங்குவது. பெரிய பொட்டலம் எடைக்கு எடை 15 சதவீதம் மலிவு என்றால் வாங்கிவிடுவார்கள். உத்தியில் குற்றமில்லை, கடைசிக் கரண்டிவரை பயன்பட்டால். குப்பைக்குப் போகும் உணவை மட்டும் சில வாரம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பெயர், ஏறத்தாழ எவ்வளவு, ஏன் என்று மட்டும். பெரிய பொட்டலத்தில் வாங்கிய பொருட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பூச்சியோ பூசணமோ பிடித்துப் போயிருந்தது. 85-க்கு வாங்கி 80 சதவீதம் பயன்படுத்தினால், உண்மையில் பயன்பட்ட அளவுக்குச் சிறு பொட்டலத்தைவிட 6 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். மலிவு என்று வாங்கியது விலை உயர்ந்ததாகிவிட்டது. ரசீதில் மட்டும் மிச்சம் தெரிந்தது.

இதில் இவர்கள் தனியாக இல்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகில் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 63 கோடி டன், அதாவது அறுபது சதவீதம், வீடுகளில். விருந்து மண்டபங்களையும் பெரிய கடைகளையும்தான் நாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எழுதிய தாளில் மற்றொன்றும் தெரிந்தது. மீந்த உணவெல்லாம் பின்கட்டு ஃபிரிட்ஜுக்குப் போய், அங்கே மறக்கப்பட்டு, சில நாள் கழித்துக் குப்பைக்குப் போயிருந்தது. கேஸ்கெட் கிழிந்த அந்தப் பெட்டிக்குள் வெப்பநிலை 9 டிகிரி. உணவு பாதுகாப்பாக இருக்க 4 டிகிரி வேண்டும். குப்பைக்குப் போகும் வழியில் உணவு அங்கே சில நாள் தங்கியது, அவ்வளவுதான்; அந்தத் தங்கலுக்கு மாதம் 72 யூனிட் வாடகை.

மாற்றம் எளிது. பழையது முன்னால், புதியது பின்னால். கெட்டுப்போகாத பொருளை மட்டும் மொத்தமாக வாங்குவது. பொட்டலத்தில் அச்சிட்ட தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்வது: 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது சுவையைப் பற்றியது, அது கடந்தாலும் நன்றாக வைத்த உலர்பொருள் பல நேரம் உண்ணத்தக்கதே, 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது, அதில் விளையாடக் கூடாது. இந்த வீட்டில் இரண்டையும் ஒன்றாக நினைத்து, முதலாவதை வீசிவிட்டு இரண்டாவதைச் சமைத்திருக்கிறார்கள்.

கடன்

இதுவரை சொன்னவை எல்லாம் சேர்ந்து அவர்களுக்குக் கொடுத்தது மாதம் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல். கடன் வரியில் ஒரே ஒரு முடிவு மட்டும் அதில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தது.

17 பங்கில் 11 வாகனக் கடன். மீதி 6 கடன் அட்டைக்கான குறைந்தபட்சத் தொகை. அட்டைப் பாக்கி 116 பங்கு, அதாவது இருவரின் ஒரு மாத வருமானத்துக்கும் மேல். வட்டி மாதம் 3 சதவீதம். மூன்று என்பது சிறிய எண்ணாகத் தெரியும். கணவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. வட்டி முதலோடு சேர்ந்து வட்டி ஈட்டும்போது ஆண்டுக்கு அது 42.6 சதவீதம். லூக்கா பச்சோலி என்ற இத்தாலியக் கணித ஆசிரியர் 1494-இலேயே ஒரு குறுக்கு வழியை எழுதி வைத்தார்: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எடுக்கும் காலம் கிடைக்கும். 72-ஐ 3-ஆல் வகுத்தால் 24. எதுவும் கட்டாமல் விட்டால் இரண்டே ஆண்டில் கடன் இரண்டு மடங்கு.

அவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படி என்பதுதான் பிரச்சினை. குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5 சதவீதம். 116-க்கு ஒரு மாத வட்டி மூன்றரைப் பங்கு. கட்டிய 6-இல் இரண்டரைதான் அசலிலிருந்து கழிகிறது. பாக்கி குறையக் குறைய, அதில் 5 சதவீதமான தவணையும் குறைகிறது. ஆகவே கடன் வற்றும் வேகமும் குறைகிறது. இந்த முறையில், அட்டையில் புதிதாக எதுவுமே வாங்காவிட்டாலும், பாக்கி பாதியாக 32 மாதம் ஆகும். அந்தப் பாதி மீண்டும் பாதியாக இன்னொரு 32 மாதம். இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர் கடன் தீர வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். நடுநடுவே பள்ளிக் கட்டணத்தையும் அதே அட்டையில் கட்டியதால் நான்கு ஆண்டு ஓடியும் பாக்கி ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது.

இப்போது அந்த வைப்புத்தொகை. வங்கியில் 80 பங்கு, ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில். "அது அவசரத்துக்கு, அதைத் தொடக் கூடாது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். கையில் ஒன்றுமில்லாத வீட்டுக்கு அவசரம் வந்தால் அது கடனாகத்தான் முடியும். ஆனால் ஒரே வீட்டில் 4 சதவீதத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு 42 சதவீதத்துக்குக் கடன் வாங்குவது அவசர காலத்துக்கான ஏற்பாடு ஆகாது. அதில் 60 பங்கை எடுத்து அட்டையில் கட்டினால் மாதம் 1.8 பங்கு வட்டி மிச்சம். இழக்கும் வைப்பு வட்டி மாதம் 0.2. நிகரம் 1.6 பங்கு. மின்சாரம், எரிவாயு, தண்ணீருக்கான ஏழு பங்கில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, யாரும் எந்த விளக்கையும் அணைக்காமல். மீதி 20 பங்கு அவசரத்துக்கு அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

கணவன் உடனே ஒப்புக்கொண்டார். மனைவி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அவர் தயக்கத்தைக் கணக்குத் தெரியாத தயக்கம் என்று எழுதிவிடுவது எளிது, அது அநியாயம். வைப்புத்தொகை அவர் பெயரில் இருந்தது, அட்டை கணவன் பெயரில். அட்டை காலியானதும் மீண்டும் நிரம்பினால்? அவருடைய பயம் வட்டி விகிதத்தைவிடச் சரியான பயம். இதற்கு மாற்றாக அவரே ஒரு நிபந்தனை வைத்தார்: அட்டையின் செலவு வரம்பை வங்கியில் சொல்லிக் குறைக்க வேண்டும், பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்க வேண்டும். இந்த ஆய்வு முழுவதிலும் மிகச் சிறந்த யோசனை அதுதான். அது என்னுடையது அன்று.

நடந்தது

பின்கட்டு ஃபிரிட்ஜை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. "நன்றாக ஓடுகிற பொருளை எப்படியம்மா வெளியே போடுவது?" என்றார் தாயார். அவருடைய சிக்கனத்தில் பொருளை வீசுவதுதான் பெரிய பாவம். மருமகள் வாதாடவில்லை. மின்னளவியை அதில் செருகி, "அத்தை, நீங்களே ஒரு வாரம் தினமும் எண்ணைப் பார்த்து எழுதிவையுங்கள்" என்று நோட்டைக் கொடுத்துவிட்டார். வாரம் முடியும் முன்பே தாயார் செருகியைப் பிடுங்கிவிட்டார். விளக்குக் காவலும் அதோடு தளர்ந்தது. அளக்கக் கற்றுக்கொண்டவருக்கு எதை விடலாம் என்றும் தெரிந்துவிடுகிறது. செட்டாப் பாக்ஸுக்கு ஒரு சுவிட்ச் வைத்த நீட்டிப்புப் பெட்டி வாங்கி இரவில் அணைக்கிறார்கள்.

தோற்றவையும் உண்டு. வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்துப் பார்த்தார்கள். மூலப்பொருள் விலையும் இரண்டாம் முறை துவைத்த தண்ணீரும் சேர்ந்து கடைத்தூளைவிட அதிகமாயிற்று. கைவிட்டார்கள். புது ஷவர் வந்ததும் இளைய பிள்ளையும் ஷவருக்கு மாறினாள், அதுவரை வாளியில் குளித்தவள். மிச்சத்தில் ஒரு பகுதி அங்கே போயிற்று. ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் நிலக்கரியைப் பற்றிச் சொன்னது இதுவேதான்: எந்திரம் திறமையானால் எரிபொருள் தேவை குறையும் என்று நினைக்கிறோம், மலிவானதால் மேலும் மேலும் பயன்படுத்துகிறோம். யாரும் பார்க்காத மாதச் சந்தாக்கள் இரண்டை நிறுத்தினார்கள், 0.8 பங்கு. அதைச் சேமிப்பில் சேர்க்க வேண்டாம் என்று நானே சொன்னேன்; பிள்ளைகளின் கைச்செலவுக்குப் போகிறது. எல்லா மிச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும் வீட்டில் யாரும் மிச்சப்படுத்த ஆசைப்பட மாட்டார்கள்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 7 பங்கிலிருந்து 5.2-க்கு வந்தன. உணவு 22-இலிருந்து 20.5. இந்த 3.3 பங்கும் பழைய 6 பங்குத் தவணையும் சேர்ந்து மாதம் 9.3 பங்கு அட்டைக்குப் போயிற்று. பாக்கி குறைந்தாலும் தவணையைக் குறைக்கவில்லை. 60 பங்கு போக மீதியிருந்த 56 பங்குக் கடன் ஏழாவது மாதம் தீர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த 9.3 பங்கு என்ன ஆகும் என்பதே எனக்குக் கவலையாக இருந்தது. போகும் இடம் சொல்லாத மிச்சம் மாதச் செலவிலேயே கரைந்துவிடும். சம்பளம் ஏறும் அன்றே 9 பங்கு தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்தார்கள். அடுத்த சம்பள உயர்வில் பாதியையும் அதே வழியில் விடுவதாக முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். இது பொருளியல் அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வின் வழி. எதிர்கால ஊதிய உயர்வில் ஒரு பகுதியை முன்பே சேமிப்புக்கு ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு 40 மாதத்தில் ஊதியத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. இன்னும் கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது மனிதருக்கு வலிப்பதில்லை.

வாடகை 28 அப்படியே இருக்கிறது. பட்டியலில் மிகப் பெரிய எண் அதுதான், அதற்கு என்னிடம் ரப்பர் வளையம் எதுவும் இல்லை. பள்ளிக்குப் பக்கம் என்பதால் அவர்கள் வீடு மாற விரும்பவில்லை. மாறினால் போக்குவரத்து 6 கூடும், எவ்வளவு கூடும் என்று கணவன் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் தொடக்கூடிய ஒரு வைப்புத்தொகை இருந்தது, வெட்டக்கூடிய உபரியும் இருந்தது. வாடகையும் உணவுமே தொண்ணூறைத் தொடும் வீட்டுக்கு இதே ஆலோசனையை எடுத்துக்கொண்டு போவது அவமதிப்பு. அங்கே பற்றாக்குறை வருமானத்தில் இருக்கிறது, அடுப்பிலும் குழாயிலும் தேடிப் பயனில்லை.

வாகனக் கடன் 11 பங்கு இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். அதன் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், அட்டை வட்டியோடு ஒப்பிட முடியாத அளவு. கையில் சேரும் பணத்தில் அதை முன்கூட்டி அடைப்பதா, முதலில் அவசர நிதியை மூன்று மாதச் செலவு அளவுக்கு உயர்த்துவதா என்று கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சு நடக்கிறது. முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மனைவி அவசர நிதியின் பக்கம் நிற்கிறார். இப்போதைக்கு நானும் அந்தப் பக்கம்தான்.